இஞ்சின் ஓடினால் போதுமா? வெளிச்சம் வேண்டாமா?

தோட்டங்களிலே கோழி கூவுவதற்கு முன்னால் கேட்கிற சத்தம் இந்தக் காலத்தில் மோட்டோ உதைக்கிற சத்தம்தான். கூலிம், பாடாங் செராய், சுங்கைப் பட்டாணி, பீடோங், குரூண் என்று கெடா மாநிலத்தில் எந்த வட்டாரத்தை எடுத்துக்கொண்டாலும் நமது மக்களுக்குக் கால் அதுதான். கித்தா மரம் சீவப் போகிறவர், செம்பனைக் குலை வெட்டப் போகிறவர், தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோய் அங்கிருந்து தொழிற்சாலைக்கு ஷிப்டு போகிறவர், பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் இறக்கிவிடுகிற தாய் ஆகிய எல்லாருக்கும் அதுவே வாகனம்.

புது வண்டி வாங்க எல்லாராலும் முடிகிறதா? இல்லை. அப்பா ஓட்டிய ஹோண்டா சி 70, அண்ணன் ஓட்டிவிட்டுக் கொடுத்த இ.எக்ஸ். 5, நம் குரூணிலேயே செய்த மோடெனாஸ் கிரிஸ் என்று இருபது முப்பது வயதான வண்டிகளை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறோம். இஞ்சினைப் பொறுத்தமட்டில் அவை உழைக்கச் சளைக்கவில்லை. ஆனால் விளக்கு?

"ஹாரன் அடிக்கலே, சிக்னல் எரியலே, பிரேக் லைட்டும் இல்லே. ஆனா வண்டி ஓடுது அண்ணே, அது போதும்" என்று சொல்லுகிறவர்கள் நம்மில் பலர். அது போதுமா என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

ஓடுவது வேறு, தெரிவது வேறு

இந்தப் பழைய கப்சாய் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஒரு வசதி உண்டு. இஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கத் தனியே ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தம் இல்லை. பேட்டரி செத்துப் போனாலும் ஓர் உதை உதைத்தால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஏழைக்கு ஏற்ற ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம். ஆனால் இந்த வசதியே நமக்குப் பகையாகவும் இருக்கிறது. வண்டி நின்றுவிட்டால்தானே நாம் கடைக்குத் தள்ளிக்கொண்டு போவோம்! அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பதால், பேட்டரிக்கு மின்சாரம் ஏறாமல் மாதக் கணக்கில் கிடப்பதை யாரும் கவனிப்பதில்லை.

ஹாரன், சிக்னல், பிரேக் விளக்கு மூன்றும் பேட்டரியை நம்பி இருப்பவை. முன்விளக்கும் பின்விளக்கும் பெரும்பாலும் இஞ்சின் சுருளிலிருந்தே நேராக எரிகின்றன. ஆகவே இஞ்சின் வேகமாகச் சுற்றினால் பளிச்சென்று எரியும். வேகம் தணிந்தால் மங்கிவிடும்.

இதில் உள்ள ஆபத்தை யோசித்துப் பாருங்கள். விடியற்காலை ஐந்து மணி, மழை தூறல். பெரிய சாலையிலிருந்து வலப்பக்கம் தோட்டப் பாதைக்குத் திரும்ப வேண்டும். எதிரே வாகனம் வருகிறது என்று நடுச் சாலையில் நிற்கிறீர்கள். நின்ற உடனே இஞ்சின் வேகம் குறைகிறது. முன்விளக்கும் பின்விளக்கும் மின்மினிப் பூச்சி போல ஆகிவிடுகின்றன. சிக்னல் எரியவில்லை, பிரேக் விளக்கும் இல்லை. பின்னாலே செம்பனைக் குலை ஏற்றிய லோரி வருகிறது. அதை ஓட்டுகிறவர் கண்ணுக்கு நீங்கள் தெரிவீர்களா? எந்த நேரத்தில் வெளிச்சம் மிக அவசியமோ, அந்த நேரத்தில்தான் அது இல்லாமல் போகிறது.

நாட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறோம். 2019-ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டோவில் போனவர்கள். மோட்டோ ஓட்டுகிறவர்கள் பகலிலும் முன்விளக்கை எரிய விட வேண்டும் என்ற சட்டம் 1992-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமலுக்கு வந்தது. அதன் பலனைச் சிரம்பான், ஷா ஆலாம் வட்டாரங்களில் ஆராய்ந்த நிபுணர்கள், வண்டி கண்ணில் படாமல் நேர்ந்த மோட்டோ விபத்துகள் சுமார் 29 விழுக்காடு குறைந்தன என்று 1996-இல் எழுதினார்கள். பகல் வெளிச்சத்திலேயே ஒரு விளக்கு இவ்வளவு பேரைக் காப்பாற்றுகிறது என்றால், விடியாத இருட்டில் சொல்ல வேண்டுமா?

கொல்லர் வீட்டுப் பிள்ளைகள் தந்த வாகனம்

இது படித்த இஞ்சினியர்களுக்குத்தான் விளங்கும் என்று பயப்பட வேண்டாம். காந்தத்தின் அருகே கம்பி அசைந்தால் கம்பியிலே மின்சாரம் பிறக்கும் என்பதை 1831-இல் கண்டுபிடித்தவர் மைக்கேல் பாரடே. இங்கிலாந்தில் ஓர் இரும்புக் கொல்லரின் மகன். புத்தகத்துக்கு அட்டை கட்டும் கடையில் எடுபிடியாக இருந்து, கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே அறிவை வளர்த்துக்கொண்டவர். சூப்பர் கப் என்ற சிறிய வண்டியை 1958-இல் வெளியிட்ட சோய்சிரோ ஹோண்டாவும் ஜப்பானில் ஒரு கொல்லர் வீட்டுப் பிள்ளைதான். சி 70, இ.எக்ஸ். 5 எல்லாம் அந்தக் குடும்பத்து வாரிசுகள். 2017-ஆம் ஆண்டில் அந்தக் குடும்பத்து வண்டிகளின் எண்ணிக்கை 10 கோடியை எட்டியது. ஹோண்டாவை நம் நாட்டுக்குக் கொண்டுவந்து விற்ற பினாங்கு லோ பூன் சியூவும், சீனாவிலிருந்து சிறுவனாக வந்து பஸ் பட்டறையில் கை அழுக்காகி முன்னேறியவர்.

பிறகு நமது கெடாவிலேயே, ஜெராய் மலையின் பக்கத்தில், குரூணில் மோடெனாஸ் தொழிற்சாலை எழும்பியது. 1995-இல் அமைந்த அந்த நிறுவனம், கவாசாகியின் தொழில்நுட்பத்தோடு 1996-இல் கிரிஸ் வண்டியை வெளியிட்டது. ஆக, கைத்தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்த அறிவுதான் இந்த வண்டிக்குள்ளே இருக்கிறது. பால்வெட்டுக் கத்தியைப் பதமாகப் பிடிக்கத் தெரிந்த கைக்கு இதைப் புரிந்துகொள்வது பெரிய காரியமல்ல.

சக்கரத்துக்குள்ளே ஒரு மின்சார நிலையம்

வண்டியின் இடப்பக்கத்து மூடிக்குள்ளே ஒரு கனத்த இரும்புச் சக்கரம் சுற்றுகிறது. அதன் உட்புறத்தில் காந்தங்கள். அசையாத தட்டு ஒன்றில் செப்புக் கம்பிச் சுருள்கள். காந்தம் சுற்றச் சுற்றச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஆனால் அது முன்னுக்கும் பின்னுக்குமாக மாறி மாறி ஓடும் மின்சாரம். கடைக்காரர்கள் 'ஏ.சி.' என்பார்கள். பேட்டரிக்கோ ஒரே பக்கம் ஓடும் 'டி.சி.' வேண்டும்.

இங்கேதான் ரெக்டிபையர் வருகிறது. கெடா நெல் வயல்களில் மடைக்கதவு பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத்திலிருந்து தண்ணீர் தள்ளினால் திறக்கிற கதவு, மறுபக்கத்திலிருந்து தள்ளினால் மூடிக்கொண்டால் எப்படி இருக்கும்? ரெக்டிபையர் அப்படிப்பட்ட கதவு. பேட்டரிப் பக்கம் போகிற மின்சாரத்தை விடும், திரும்பி வர விடாது.

அடுத்தது ரெகுலேட்டர். இஞ்சின் வேகம் கூடினால் வோல்ட் ஏறிக்கொண்டே போகும். அப்படியே விட்டால் பல்பு வெடிக்கும், பேட்டரி கொதிக்கும். தேவைக்கு மேல் வருவதை ரெகுலேட்டர் வழித்துத் தரைப்பக்கம் திருப்பிவிடுகிறது. அதனால் அதற்குச் சூடு ஏறும். சட்டத்தின் இரும்போடு நன்றாக இறுக்கி வைத்திருப்பது சூடு தணிவதற்காகத்தான். 12 வோல்ட் வண்டியில் ரெக்டிபையரும் ரெகுலேட்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்.

ஹோண்டா 12 வோல்ட் வண்டியில் அந்தப் பெட்டிக்கு நாலு ஒயர். வெள்ளை, இஞ்சின் சுருளிலிருந்து பேட்டரிக்காக வருவது. மஞ்சள், விளக்குக்காக வருவது. சிவப்பு, பேட்டரிக்குப் போவது. பச்சை, தரை, அதாவது 'எர்த்'. இந்த நாலையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மற்றக் கம்பெனி வண்டிகளில் நிறம் மாறும். கிரிஸ் வைத்திருப்பவர்கள் ஹோண்டா நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது.

தோட்டத்து வண்டிக்கு மட்டும் ஏன் இந்தக் கேடு?

பட்டணத்தில் ஓடும் அதே வண்டியில் ஒயர் பல ஆண்டு தாங்குகிறது. தோட்டத்தில் சீக்கிரம் பச்சை பூத்து உதிர்ந்துவிடுகிறது. காரணம் நம் வேலையிலேயே இருக்கிறது. பால் உறையாமல் இருக்க அமோனியா ஊற்றுகிறோம். அமோனியா செம்பைத் தின்னும். பாலை உறைய வைக்க உபயோகிக்கும் பார்மிக் அமிலம் இரும்பையும் அரிக்கும். பால் வாளியையும் உர மூட்டையையும் வண்டியிலேயே கட்டித் தூக்கிப் போகிறோம். சிந்துகிறது. செம்மண் சேறு அதன்மேல் அப்பிக்கொள்கிறது. பிறகு கழுவுகிறோம் என்று சீட்டுக்கு அடியில் தண்ணீரை அடிக்கிறோம்.

இத்தனையும் எங்கே போய்ச் சேருகிறது? ஒயர் இணைகிற இடத்தில்தான். இரண்டு ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றி வைத்த இடமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். வெளியே டேப் பளபளவென்று இருக்கும். உள்ளே செம்புக் கம்பி பொடியாகிக் கிடக்கும்.

பேட்டரி வாங்குமுன் நாலு சோதனை

சிக்னல் எரியாவிட்டால் உடனே புதுப் பேட்டரி வாங்குவது நமது வழக்கம். இரண்டு மாதத்தில் அதுவும் செத்துவிடும். "இப்ப வர்ற பேட்டரியெல்லாம் சரியில்லே" என்று திட்டிவிட்டு மூன்றாவது வாங்குவோம். பேட்டரி என்பது தண்ணீர்த் தொட்டி மாதிரி. குழாய் அடைத்துக்கொண்டிருக்கும்போது தொட்டியை மாற்றி என்ன பயன்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரேக் விளக்கு சுமார் 20 வாட். ஒரு பக்கத்துச் சிக்னல் பல்புகள் இரண்டும் சேர்ந்து 20 வாட். 12 வோல்ட்டுக்கு இவை இரண்டும் எரிகிற நேரத்தில் மூன்று ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நம் வண்டியின் பேட்டரியோ 5 ஆம்பியர் மணி அளவுதான். மின்சாரம் ஏறாவிட்டால், எரிகிற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒன்றரை மணிக்குள் தொட்டி காலி. காலியாகவே கிடக்கிற பேட்டரி உள்ளே வெள்ளை பூத்துப் பிறகு மின்சாரத்தை ஏற்காமலே போய்விடும்.

சிறிய டிஜிட்டல் மீட்டர் ஒன்று இருந்தால் வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். அதன் விலை ஒரு பேட்டரியை விடக் குறைவு. ஒரு லயத்துக்கு ஒன்று இருந்தாலே போதும்.

முதல் சோதனை: வண்டி நின்று சில மணி நேரம் ஆன பிறகு பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. 6 வோல்ட் வண்டிக்கு இவற்றில் பாதியை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: வண்டியை உதைத்து நடுத்தர வேகத்தில் முறுக்குங்கள். நல்ல பேட்டரியில் எண் 13.5-க்கும் 14.8-க்கும் இடையில் வந்து நிற்க வேண்டும். அசையாமல் இருந்தால் மின்சாரம் ஏறவில்லை. 15-ஐத் தாண்டிப் போனால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது, அல்லது அதன் பச்சை ஒயர் தரையைத் தொடவில்லை. அடிக்கடி பல்பு வெடிக்கிற வண்டியில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது: தரை. ஓடுகிற வண்டியில் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் கழித்தல் முனையிலும், மறுமுனையை ரெகுலேட்டரின் பச்சை ஒயரிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவிலே எங்கோ துரு உட்கார்ந்திருக்கிறது. சட்டத்தில் பச்சை ஒயர் கட்டிய ஆணியைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு வெள்ளையாகத் தேய்த்து, மறுபடி இறுக்குங்கள். இந்த ஒரு காரியத்திலேயே தீர்ந்துவிடும் நோய்கள் அநேகம்.

நாலாவது: சுருள். இஞ்சினை அணைத்துவிட்டு, இஞ்சினிலிருந்து வரும் பிளக்கைக் கழற்றி, வெள்ளைக்கும் தரைக்கும் இடையே ஓம் பாருங்கள். சுமார் ஓர் ஓம், அதைச் சுற்றியுள்ள சின்ன எண் வந்தால் சுருள் முழுசாக இருக்கிறது. எண்ணே வராவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. பிறகு மீட்டரை ஏ.சி.க்குத் திருப்பி இஞ்சினை ஓட்டினால், வேகம் கூடக் கூட எண்ணும் ஏற வேண்டும். ஏறினால் இஞ்சின் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். அதற்கு அப்புறம் உள்ள பாதையில்தான் கோளாறு.

சுருள் அறுந்திருந்தால் சக்கரத்தைக் கழற்ற வேண்டிவரும். அதற்கு உரிய புல்லர் இல்லாமல் சுத்தியலால் அடிக்காதீர்கள். அந்த ஒரு வேலையைக் கடையில் கொடுத்துச் செய்துகொள்வதே புத்திசாலித்தனம்.

ஒயர் மாற்றும் முறை

பாதைதான் கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். பழைய ஒயரைப் பிடுங்கிப் போடுவதற்கு முன், எது எங்கே போகிறது என்று காகிதத்தில் நிறத்தோடு படம் போட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்கள், அதுவும் கற்றுக்கொள்ளும். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

முதலில் பேட்டரியின் கழித்தல் முனையைக் கழற்ற வேண்டும். அதைக் கழற்றாமல் ஸ்பானர் போட்டால் பொறி பறக்கும்.

கறுப்பில் சிவப்புக் கோடு போட்ட ஒயரும், நீலத்தில் கோடு போட்ட ஒயரும் தீப்பொறிக்கு உரியவை. அவற்றைத் தொட வேண்டாம்.

இஞ்சின் பிளக்கிலிருந்து ரெகுலேட்டர் வரை வெள்ளையும் மஞ்சளும் புதிதாக இழுங்கள். வெள்ளைக்கு வெள்ளை, மஞ்சளுக்கு மஞ்சள். கிடைத்த நிறத்தைப் போட்டால் அடுத்து அந்த வண்டியைத் தொடுகிறவன் தடுமாறுவான். அது நீங்களாகவே இருக்கலாம். ரெகுலேட்டரிலிருந்து சிவப்பு ஒயர், பியூஸ் வழியாகப் பேட்டரியின் கூட்டல் முனைக்குப் போக வேண்டும். பியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். வண்டியில் எத்தனை ஆம்பியர் போட்டிருந்ததோ அதே அளவு போடுங்கள். பெரும்பாலான 12 வோல்ட் கப்சாய்க்கு அது 10 ஆம்பியர். பியூஸ் போனால் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அது வேண்டவே வேண்டாம். பியூஸ் எரியாவிட்டால் ஒயர் எரியும், ஒயருக்கு மேலே பெட்ரோல் தொட்டி இருக்கிறது.

பச்சை ஒயரில்தான் நாம் ஒன்று கூடுதலாகச் செய்யச் சொல்லுகிறோம். சட்டத்து ஆணியை மட்டும் நம்பாமல், ரெகுலேட்டரின் பச்சையிலிருந்து பேட்டரியின் கழித்தல் முனைக்கு நேராகவே ஓர் ஒயர் இழுத்துவிடுங்கள். இரும்பு துருப்பிடித்தாலும் மின்சாரம் திரும்பி வர வழி இருக்கும்.

இணைக்கிற இடத்தில் முறுக்கி டேப் சுற்றுவதோடு விடக் கூடாது. ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். அதன்மேல் சூடு காட்டினால் சுருங்கும் ரப்பர் குழாயைப் போட்டு மூடுங்கள். பிளக்குக்குள் கொஞ்சம் கிரீஸ் தடவினால் தண்ணீர் நுழையாது. கைப்பிடி திரும்புகிற இடத்தில் ஒயரைத் தளர்வாக விடுங்கள். புகைக்குழாய்ப் பக்கம் போகவே விடாதீர்கள்.

புது ரெகுலேட்டர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. நாலு கால் பிளக் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணாதீர்கள். ஒரே மாதிரி தெரியும் பிளக்கில் காலின் வரிசை மாறியிருக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோய், வண்டியின் பெயரையும் சொல்லி வாங்குங்கள்.

6 வோல்ட் வண்டிக்காரருக்கு

பழைய சி 70 போன்ற 6 வோல்ட் வண்டிகளில் ரெகுலேட்டரே கிடையாது. பேட்டரியும் பல்புகளுமே மிகுதி மின்சாரத்தைக் குடித்துச் சமாளிக்கும்படி அமைத்திருந்தார்கள். ஆகவே பின்விளக்குப் பல்பு போனால், அதன் பங்கும் சேர்ந்து முன்விளக்குக்குப் போய் அதையும் வெடிக்க வைக்கும். ஒரு பல்பு போன அன்றே அதே வாட் பல்பு மாட்ட வேண்டும். பகலில் விளக்கு அணைந்திருக்கும் என்ற கணக்கில் அமைத்த வண்டி அது. இன்று பகல் முழுக்க விளக்கு எரிவதால் பேட்டரிக்குப் போகும் பங்கு குறைகிறது.

6 வோல்ட் பேட்டரியும் பல்பும் தேடி அலைய முடியாமல் 12 வோல்ட்டுக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. சுருளின் வோல்ட் இஞ்சின் வேகத்தோடு ஏறுவதால், அதே சுருளிலிருந்தே 12 வோல்ட் எடுக்க முடியும். ஆனால் அரைகுறையாக மாற்றக் கூடாது. பேட்டரி, ரெகுலேட்டர், எல்லாப் பல்புகள், ஹாரன், சிக்னல் ரிலே ஆகிய அத்தனையும் 12 வோல்ட் ஆக வேண்டும். மெதுவாக ஓடும்போது முன்னைவிடக் குறைவாகவே ஏறும் என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

'புல்வேவ்' செய்யலாமா?

நம் இளைஞர்கள் கடைக்குப் போனதும் கேட்கிற முதல் வார்த்தை 'புல்வேவ்'. அது என்ன? சாதாரணமாகச் சுருளின் ஒரு முனை இஞ்சின் இரும்போடு பற்றவைத்திருக்கும். முன்னும் பின்னுமாக ஓடுகிற மின்சாரத்தில் ஒரு பாதிதான் பேட்டரிக்குப் போகும். அந்த முனையை இரும்பிலிருந்து எடுத்துத் தனி ஒயராக வெளியே கொண்டுவந்து, வேறு வகை ரெகுலேட்டர் பூட்டினால் இரண்டு பாதியும் பேட்டரிக்குப் போகும். முன்விளக்கையும் பேட்டரியிலிருந்தே எரிய விடலாம். நின்றாலும் மங்காது. நடுச் சாலையில் நிற்கும்போது விளக்கு மங்குகிற நோய்க்கு இதுதான் முழு மருந்து. எல்.இ.டி. பல்பு மாட்டினாலும் நடுங்காமல் எரியும்.

ஆனால் மூன்று விஷயம். சுருளின் முனையை எடுக்காமல் ரெகுலேட்டரை மட்டும் மாற்றினால் சுருள் வெந்துபோகும். இரண்டாவது, முழுப் பாரமும் பேட்டரிமேல் விழுவதால் பேட்டரி சாகிற அன்று முன்விளக்கும் கூடவே போகும். அலட்சியக்காரருக்கு இது ஆகாது. மூன்றாவது, இந்தச் சின்ன இஞ்சின் கொடுக்கிற மின்சாரத்துக்கு அளவு உண்டு. சாதாரண முன்விளக்கு 25 வாட். அதோடு இரண்டு மூன்று கூடுதல் விளக்கு மாட்டினால் எந்த ஒயரிங்கும் தாங்காது. எதிரே வருகிறவர் கண்ணும் கூசும். தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள். அதற்கு வசதி இல்லாவிட்டால், உள்ள ஒயரிங்கையே சுத்தமாக, தரை உறுதியாக வைத்திருங்கள். மின்சாரம் ஏறுகிற பேட்டரியும், எரிகிற பிரேக் விளக்கும் சிக்னலும் உயிரைக் காக்கப் போதும்.

வீட்டில் கவனிக்க வேண்டியது

பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். மேலே பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மின்சாரம் ஏறும்போது பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும். பக்கத்தில் சுருட்டு, சிகரெட் கூடாது, சாமி விளக்கும் கூடாது.

மூடி திறக்கிற பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். புதுப் பேட்டரியை வாங்கிய உடனே பூட்டாமல், சார்ஜரில் குறைந்த அளவில், அரை ஆம்பியர் போல வைத்து நிறைத்த பிறகு பூட்டினால் ஆயுள் கூடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு வெறும் ஒயரோடு ஓட்டாதீர்கள். மின்சாரம் தாறுமாறாக ஏறி மற்றதையும் கெடுக்கும்.

செத்த பேட்டரியை லயத்துக்குப் பின்னால் காண்டாவில் வீசுகிற பழக்கத்தையும் விட வேண்டும். உள்ளே ஈயம் இருக்கிறது. மண்ணில் கலந்தால் பிள்ளைகள் உடம்புக்குக் கேடு. பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். நாலு காசும் கிடைக்கும்.

முடிவாக ஒரு வார்த்தை

கங்காணி, மண்டோர், பால்வெட்டுப் பெண்கள், ஷிப்டு வேலைப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லுகிறோம். நாளைக் காலை வண்டியை உதைக்குமுன் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹாரனை அழுத்திப் பாருங்கள். இரு பக்கச் சிக்னலும் எரிகிறதா? பிரேக்கை மிதித்தால் பின்னாலே சிவப்பு தெரிகிறதா? வீட்டுக்காரியையோ பிள்ளையையோ பின்னால் நிற்கச் சொல்லிக் கேளுங்கள். எரியாவிட்டால் பேட்டரியைத் திட்டாதீர்கள். மின்சாரம் வருகிற பாதையைத் தேடுங்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பலன் இல்லை. ஒரு முழம் பச்சை ஒயருக்கும் ஒரு துண்டு உப்புத்தாளுக்கும் ஆகிற செலவு, ஒரு வேளைத் தேத்தண்ணிக் காசுதான். அதைச் செலவழித்தால், இருட்டிலே வேலைக்குப் போன நம் ஆள், பொழுது சாய வீடு திரும்புவார்.